இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதை
(வடசென்னைத் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



வடசென்னை என்றதும் ஆலைப் புகையையும் துறைமுகச் சுமையையுமே பலர் நினைப்பர். தென்னாட்டின் முதல் பயணத் தொடர்வண்டி புறப்பட்ட மண்ணும் இதுவே என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கின்றனர்?

1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இராயபுரத்தினின்று ஆர்க்காட்டை அடுத்த வாலாசா சாலை வரை, 60 கல்லுக்கு மேற்பட்ட தொலைவுக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. மும்பையிலும் கல்கத்தாப் பக்கத்திலும் இதற்கு முன்பே வண்டிகள் ஓடின. ஆயினும் அங்கெழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. இராயபுர நிலையமோ இன்றும் நிற்கின்றது. 2005-இல் அதனைப் புதுப்பித்தனர்.

அப்பாதை மேற்கே வளர்ந்து 1862-இல் மேலைக் கடற்கரையின் பேப்பூர் வரை இணைந்தது. 1871-இல் அரக்கோணத்தினின்று பிரிந்த கிளை இராய்ச்சூரை எட்ட, மும்பைக்கு வழி திறந்தது. 1873-இல் நடுவண் நிலையம் எழுந்த பின்னர் இராயபுரத்தின் முதன்மை படிப்படியாகக் குறைந்தது.

1899-இல் வடக்குப் பாதை வந்தது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி வழியாகக் கூடூரை நோக்கிச் செல்லும் பாதை அது. அதுவரை விறகும் உப்பும் பிறவும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்தன. இருப்புப்பாதை வந்தது, படகுத் தொழில் தேய்ந்தது, பாதையோரம் ஆலைகள் முளைத்தன. இன்று அப்பாதையில் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. பெயராலும் ஒரு நிலையம் இருக்கின்றது.

இப்பாதையை வெள்ளையன் நமக்கு அளித்த கொடை என்பார் உளர். அன்று! சென்னை இருப்புப்பாதைக் குழுமத்தின் பங்காளர்க்கு நூற்றுக்கு ஐந்து வரை வட்டி கிடைக்குமென அரசே உறுதி கூறியிருந்தது. வண்டி ஈட்டியது போதாதபோது குறையை நிரப்பியது எவர் பணம்? உழவன் செலுத்திய வரிப்பணம்! மண் சுமந்தவரும் நம்மவரே, வட்டி சுமந்தவரும் நம்மவரே. ஆதலின் இப்பாதையில் தமிழுக்குள்ள இடம் எவரும் இடும் பிச்சையன்று, உரிமை.

அவ்வுரிமைக்காக நம் முன்னோர் நிலையங்களிலேயே போராடினர். 1952-இல் பெரியாரின் அழைப்பையேற்று, நிலையப் பெயர்ப்பலகைகளிலிருந்த இந்தி எழுத்துகளைத் தார்பூசி அழித்தனர். 1953-இல் தால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்தனர். 1969-இல் கள்ளக்குடி என்னும் பழம்பெயர் மீண்டது. இந்தி எதிர்ப்பில் சிறைபுகுந்து 1939-இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயிலும் மூலக்கொத்தளம், இராயபுரத்திற்கு அண்மையில்தானே இருக்கின்றது!

எனவே நாம் செய்யத்தக்கவை யாவை? பேச்சில் 'இரயில்' என்பதை விடுத்துத் தொடர்வண்டி என்போம். 'தேசன்' என்று சிதைத்துச் சொல்லாது நிலையம் என்போம். ஊர்ப்பெயரைப் பிழையின்றி எழுதுவோம். தமிழ்க் கிறித்தவர் பீட்டரை இராயப்பர் என்பர். அப்பெயரினின்றே இராயபுரம் வந்ததென்பர். முதலெழுத்தாகிய இகரத்தை விழுங்கி எழுதுதல் தமிழ் மரபாகாது. சீட்டுச் சாளரத்தில் தமிழில் கேட்போம்; தமிழில் விடை வரும்வரை கேட்போம்.

வண்டி எவர் கட்டளையில் ஓடினும், அது ஓடும் மண் தமிழ்மண். அம்மண்ணின் மொழி அதன் பலகையிலும் வாயிலும் முதலிடம் பெறுக!

வாழ்க தமிழ்!