கொழுந்தை அறிந்த விரல்



கோலா தெர்லா என்ற மலை ஊரின் குளிரில், காலைத் தேநீருக்கு முன்னால் ஒரு பாட்டி விரல் நுனியில் ஊசி குத்துகிறார். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, எவ்வளவு என்று பார்க்கிறார். ஒரு சொட்டு ரத்தம். சின்னப் பட்டை அதை உறிஞ்சுகிறது. கருவியில் எண் வந்துவிட்டது.

அந்தப் பட்டையில் இருக்கும் நொதி, ரத்தச் சர்க்கரையோடு சேர்ந்து மெல்லிய மின்சாரத்தைக் கிளப்புகிறது. கருவி அளப்பது அந்த மின்சாரத்தைத்தான். 1962-இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிய வழி இது.

இதே வழியில் புற்றுநோய் செல்லையும் பிடிக்கப் பார்க்கிறார்கள். எப்படி? அந்தப் பாட்டியின் விரல்கள் ஒரு காலத்தில் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவை. முற்றிய இலையை விட்டுவிடும். கொழுந்தை மட்டும் கிள்ளும். அதுபோல, புற்று செல்லின் மேற்பரப்பை அடையாளம் காணும் புரதத்தைத் தங்கத் தகட்டில் ஒட்டிவைக்கிறார்கள். செல் வந்து ஒட்டியதும் மின்சாரம் மாறும். அந்த மாற்றம்தான் தகவல்.

பெரும்பாலும் இது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வர நாளாகும். அதுவரை நம் கண் இருக்கிறது. வெற்றிலை பாக்கு போடுகிறவர்களே, வாய்ப்புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லையா? வலியில்லையே என்று விட்டுவிடாதீர்கள்; அது புற்றாகவும் இருக்கலாம். பக்கத்து மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.