கண்பாவையில் வெள்ளை

சங்கரன்கோவில் கோமதியம்மன் கோவிலில் புற்றுமண் பூசாமல் திரும்புகிற தாய் குறைவு. நோய் தீரும் என்ற அந்த நம்பிக்கை இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் கண்பாவை போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தால், நாள் கடத்தாதீர்கள்.

அது விழித்திரைப் புற்றுநோயாக, அதாவது ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. மற்ற கட்டிகளைப் போல ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க முடியாது. குத்தினால் புற்றணுக்கள் கண்ணுக்கு வெளியே சிதறும் ஆபத்து உண்டு. அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. படம் அவ்வளவு முக்கியம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் கட்டி ஏறியிருக்கிறதா, கண்குழிக்குள் கசிந்திருக்கிறதா என்று அது காட்டும். ஏறியிருந்தால் பெரும்பாலும் முதலில் மருந்து, பிறகே கத்தி. சி.டி. ஸ்கேனை மருத்துவர்கள் கூடியவரை தவிர்ப்பார்கள். மரபணுக் கோளாறோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதிர்வீச்சு பின்னாளில் இன்னொரு புற்றை வரவழைக்கலாம் என்ற கவலை.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பிள்ளை அசையாமலிருக்க மயக்க மருந்து தருவார்கள். பெற்றோர் பதற வேண்டாம்.

திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. வெள்ளை தெரிந்தால், தாய்மாரே, மறுநாளே பஸ் ஏறுங்கள்.