மண்ணீரல் நீக்கம்: தேவையும் காவலும்



கல்லீரலை அறிந்த அளவுக்கு மண்ணீரலை மக்களில் பலர் அறிவதில்லை. வயிற்றின் இடப்புற மேற்பகுதியில், விலா எலும்புகளின் மறைவில், ஏறத்தாழ 150 கிராம் எடையுடன் அமைந்த உறுப்பு அது. ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து முதுமையுற்ற சிவப்பணுக்களை வடித்து நீக்குவதும், தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து வைப்பதும், குருதியில் புகும் கிருமிகளைப் பிடித்து ஒழிப்பதும் அதன் பணிகள்.

இத்தகைய காவலனை அகற்ற நேர்வது எப்போது? முதற்காரணம் விபத்து. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் வளைவுகளில் இருசக்கர வண்டி சாய்ந்து, கைப்பிடி வயிற்றில் இடித்தால், வெளியே காயம் தெரியாமலேயே உள்ளே மண்ணீரல் கிழியக்கூடும். இடத்தோளில் வலி, முகம் வெளிறுதல், நாடி விரைதல், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். "அடி லேசானதுதான்" என்று வீட்டில் படுக்க வைப்பது பேராபத்து. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, இரத்த அழுத்தம் நிலையாக இருப்பின், அறுவையின்றிக் கண்காணித்தே உறுப்பைக் காக்க முயல்வர். குருதிக்கசிவு நில்லாதபோதே அகற்றுவர்.

இரண்டாவது காரணம் இரத்த நோய்கள். சிவப்பணுக்கள் பிறவியிலேயே உருண்டை வடிவுற்று விரைந்து அழியும் நோய், மருந்துக்குக் கட்டுப்படாத தட்டணுக் குறைவு, இரத்தம் ஏற்றும் தேவையைப் பெருக்கும் அளவுக்கு மண்ணீரல் வீங்கிய தலசீமியா ஆகியவற்றுள் சிலருக்கு அறுவை பயன் தரும். சில கட்டிகளுக்கும் அது தேவைப்படும். ஆயின் வீக்கம் ஒன்றே அறுவைக்குக் காரணமாகாது. மலேரியா, டைபாய்டு காய்ச்சல்களால் வீங்கிய மண்ணீரல் நோய் தணிந்ததும் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

மண்ணீரல் இன்றியும் வாழ இயலும். எனினும் அதற்கு ஒரு விலை உண்டு. 1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான கிங், ஷூமாக்கர் ஆகியோர், மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைகளிடம் கடுமையான கிருமித் தொற்று தோன்றுவதை எடுத்துரைத்தனர். அதன் பின்னரே, இயன்றவரை உறுப்பைக் காத்தல், குழந்தைகளுக்கு ஐந்து வயது வரையேனும் அறுவையைத் தள்ளிப்போடுதல் என்னும் நெறிகள் வலுப்பெற்றன.

அறுவை முன்கூட்டியே திட்டமிடப்பட்டதாயின், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்னரே நிமோனியா, மூளையுறைக் காய்ச்சல் முதலியவற்றை உண்டாக்கும் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். அவசர அறுவையாயின், பின்னர் இரண்டு வாரம் கழித்துப் போடுவர். சிலருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நாள்தோறும் பென்சிலின் மருந்தும் தேவைப்படும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. மண்ணீரல் இல்லாதவர்க்குக் காய்ச்சல் என்பது சிறு உபாதையன்று, அவசரநிலை. காலையில் குளிர்நடுக்கத்துடன் தொடங்கும் தொற்று, ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். இந்த ஆபத்து முதல் சில ஆண்டுகளில் மிகுதி; ஆயினும் வாழ்நாள் முழுதும் உண்டு.

இங்குதான் மலைவாழ் மக்களின் நிலையை எண்ண வேண்டும். வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து மருத்துவமனைக்கு வருவதற்குள் அரிய மணிநேரங்கள் கழிந்துவிடலாம். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். எனினும் மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்து வீட்டிலேயே இருத்தல், "மண்ணீரல் அகற்றப்பட்டவர்" என்னும் அட்டை சட்டைப் பையில் இருத்தல், காய்ச்சல் கண்டதும் விடியும்வரை காத்திராமல் 108 ஊர்தியை அழைத்தல் ஆகிய மூன்றும் தொலைவின் ஆபத்தைக் குறைக்கும்.

அறுவையே செய்யாதவரிடமும் இந்நிலை வரலாம். அரிவாள் அணுச் சோகையில் மண்ணீரல் சிறுவயதிலேயே சுருங்கிச் செயலிழக்கும். இந்நோயை ஒழிக்க 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், பழங்குடி மக்களிடையே இரத்தப் பரிசோதனையை முன்னெடுக்கிறது. நோய் முன்னரே தெரிந்தால், குழந்தைக்குத் தடுப்பூசியும் மருந்தும் உரிய வேளையில் கிட்டும்.

எனவே அறுவை பரிந்துரைக்கப்படும் குடும்பத்தார் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும். இப்போதே தேவையா? தடுப்பூசிகள் எப்போது? காய்ச்சல் வந்தால் முதலில் என்ன செய்வது? மூன்றாம் வினாவின் விடையை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் அவ்வுயிருக்கு அரண்.