லென்ஸ் வாங்குமுன் ஒரு சோதனை

விலை கூடினால் படம் கூர்மையாகிவிடும் என்று நம்பி, தவணையில் லென்ஸ் வாங்கக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை.

முதலில், கேமராவுடன் வந்த 18-55 லென்ஸைச் சோதியுங்கள். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. 100, டைமர் 2 விநாடி, ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். எஃப் 5.6, 8, 16 மூன்றிலும் ஒவ்வொரு படம் எடுத்து, கணினியில் பெரிதாக்கி, நடுவையும் மூலைகளையும் பாருங்கள். பெரும்பாலும் 8-இல் எழுத்து பளிச்சென்று இருக்கும். 16-இல் துளை மிகச் சிறிதாவதால் சற்று மங்கும்.

புதிதாக 50 எம்.எம். லென்ஸ் பார்க்கிறீர்களா? பழையதையும் 50-இல் வைத்து, அதே தூரம், அதே துளையில் ஒப்பிடுங்கள். இரண்டு கணக்கையும் ஒரே தேதிக்கு எடுத்தால்தானே வித்தியாசம் தெரியும்!

இன்னொன்று. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் உச்சி வெயிலில் கானல் அலையும். தூரத்துப் பனை எந்த லென்ஸிலும் நெளியும். அதற்கு மருந்து புது லென்ஸ் அல்ல, காலை வெளிச்சம்.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால், தாராளமாக வாங்குங்கள். தெரியாவிட்டால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.