காலாப்பட்டுக்கும் செஞ்சிக் கமிட்டிக்கும் எவ்வளவு தூரம்?



செஞ்சிக் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையை இறக்கிவிட்டு, விலை போடக் காத்திருக்கிற ஒரு விவசாயிகிட்ட போய், "எம்.பி.ஏ. படிப்பு பத்திப் பேச வந்திருக்கேன்"னு சொன்னா என்ன சொல்வார்? "அதெல்லாம் சென்னைக்காரங்க சமாச்சாரம் சார்"னு முகத்தைத் திருப்பிக்குவார். இன்னிக்கு நான் பேசப்போறது அவரைப் பத்தியும்தான்.

நம்ம ஊரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில், காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். அடுத்த ஆண்டே அங்கே மேலாண்மைத் துறை வந்தது. இன்று அதன் மேலாண்மைப் புலத்தில் வணிகவியல், பொருளியல், பன்னாட்டு வணிகம், வங்கித் தொழில்நுட்பம், சுற்றுலா எனத் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. இந்தக் கடைசி இரண்டையும் கொஞ்சம் மனசில் வச்சுக்கோங்க.

வணிகப் பள்ளி என்பதே பழைய விஷயம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881-இல் தொடங்கியது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். வந்தது 1961-இல். முதலில் பெரிய கம்பெனிகளுக்கு மேலாளர்களைத் தயார் செய்வதுதான் வேலையாக இருந்தது. இப்போது டீக்கடை வாசலில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய் டீக்கும் பணம் எப்படி ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகுது, தப்பாப் போனா யார் பொறுப்பு என்பதெல்லாம் பாடமாகிவிட்டது. வளர்ச்சின்னு நான் சொல்றது இதைத்தான். புதுக் கட்டடத்தை எண்ணி வளர்ச்சியைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வணிகப் பள்ளி எங்கே போய் ஆய்வு செய்யணும்? மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்டுபவர்களின் பணத்தைக் கொண்டே கட்ட முடியாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் அந்த முறையை, ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் ஒரு பாடமாகவே எழுதியது. பாஸ்டனிலிருந்து மதுரைக்கு வர முடிஞ்சிருக்கு. காலாப்பட்டிலிருந்து செஞ்சிக்கு வர ஒன்றரை, ரெண்டு மணி நேரம் போதுமே!

வந்தா என்ன இருக்கு ஆராயன்னு கேப்பீங்க. அறுவடைக் காலத்தில் கமிட்டி வாசலில் நிற்கிற வண்டி வரிசையைப் பாருங்க. நெல்லின் ஈரப்பதம் ஒரு புள்ளி கூடினா விலை எவ்வளவு இறங்குது? காத்திருக்கிற இரவுக்கு விவசாயிக்கு ஆகிற செலவு என்ன? ஈட்டுக்கடன் வாங்கி மூட்டையைக் கிடங்கில் வச்சு, பிறகு வித்தவருக்கு லாபமா, அன்னிக்கே வித்தவருக்கு லாபமா? இதுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னால், அந்த விவசாயி முகத்தைத் திருப்ப மாட்டார்.

அடுத்தது கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்ம செஞ்சி ஒண்ணுதான். பௌர்ணமிக்குத் திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகிற வண்டிகள் ராஜகிரியைப் பார்த்துக்கொண்டே கடந்து போகின்றன. அதில் எத்தனை பேர் இறங்குறாங்க, ஏன் இறங்கலை, இறங்கினா சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் எங்கே போவாங்க? சுற்றுலாத் துறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

எம்.பி.ஏ. மாணவர்கள் வழக்கமாக முதலாண்டு முடிந்ததும் சில வாரம் களப்பயிற்சிக்குப் போவார்கள். நம்ம வியாபாரிகள் சங்கமும் பேரூராட்சியும் சேர்ந்து, "இந்தக் கேள்விக்குப் பதில் வேணும், நாலு பேரை அனுப்புங்க"ன்னு துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் போடலாம். பல்கலைக்கழகத்தின் எதிர்காலத் திட்டத்தில் நம்ம ஊர் இடம்பெற, கேட்கிறதுதான் முதல் வேலை.

இதில் உங்க கைபேசிக்கும் வேலை இருக்கு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரையோ பயிரின் பெயரையோ ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்க. நம்மைப் பத்தி எழுதினதை நாமே படிக்காம இருக்கலாமா?

வீட்டில் பிள்ளை எம்.பி.ஏ. சேரப் போகுதா? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியே சேர, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதணும். அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்துடும். சாதி, வருமானச் சான்றிதழ்களை அதுக்கு முன்னாடியே இ-சேவை வழியாக வாங்கி வச்சிடுங்க. கடைசி வாரத்தில் அலையாதீங்க.

அஞ்சல் வழி, ஆன்லைன் எம்.பி.ஏ. என்றால் இன்னும் கவனம் வேணும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நகையை அடகு வச்சுப் பணம் கட்டியது. படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போன இடத்தில்தான், அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லைன்னு தெரிஞ்சது. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிசா இருந்தா மட்டும் போதாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில், நீங்க சேரப்போற ஆண்டு, சேரப்போற படிப்பு ரெண்டும் இருக்கான்னு பாருங்க. இப்படிச் சேரும் மாணவர் அந்தத் தளத்தில் 'டெப்' அடையாள எண்ணும் எடுக்கணும். ஏஜென்ட் "அதெல்லாம் வேணாம், நான் பாத்துக்கறேன்"னு சொன்னா, பணத்தை எடுக்காம எழுந்து வந்துடுங்க.

கடிதம் எழுத யாராவது முன்வந்தா, வாசகத்தை இன்னிக்கே உட்கார்ந்து எழுதிடலாம்.