மூன்று இதழ்

மஞ்சள் பின்னணியில் மூன்று கறுப்பு இதழ் விரித்த குறி. பார்த்தால் மின்விசிறி மாதிரிதான் இருக்கும். அர்த்தமோ, 'கதிரியக்கம், கிட்டே வராதே!' 1946-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவான அடையாளம். படித்தவருக்கு எச்சரிக்கை. மற்றவருக்கு?

2000-ல் தாய்லாந்தின் சமுத் பிராகானில், பழைய இரும்பு சேகரிப்பவர்கள் கையில் ஒரு சிகிச்சைக் கருவியின், கதிரியக்கக் கோபால்ட்-60 கொண்ட பாகம் சிக்கியது. குறி இருந்தது, அவர்களுக்குப் புரியவில்லை. பிரிக்கப் பார்த்தார்கள், காயலான் கடைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

இப்படிப் புரியாமல் போகக் கூடாதே என்று, மாதிரிக் குறிகளைப் பல நாட்டு மக்களிடம் காட்டிக் கேட்டுப் பார்த்து, 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை இன்னொரு குறியையும் சேர்த்தது. சிவப்பு முக்கோணம், பாயும் கதிர்கள், மண்டை ஓடு, ஓடுகிற மனிதன். ஓட வேண்டிய திசைக்கு அம்புக்குறி வேறு! இதைக் கருவியின் வெளியே ஒட்டுவதில்லை, உள்ளேதான். பிரிக்கிறவர் கண்ணில் பட வேண்டுமே!