பெயரும் பொருளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





"டொக்டர் என்ற முறையில் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நீரிழிவு பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதற்கும் வருகிறேன். ஆனால் தொடங்கப் போவது ஒரு கொம்பியூட்டர் விளையாட்டில்.

1994ஆம் ஆண்டு நான் பத்தாம் ஆண்டு மாணவி. சவூதியில் இருந்து வந்த மாமா பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். காக்காவின் கூட்டாளி ஒருவர் சில பிளொப்பிகளில் ஒரு விளையாட்டைக் கொடுத்தார். பெயர் 'பூல் ஒஃப் ரேடியன்ஸ்'. அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்ற நிறுவனம் 1988இல் வெளியிட்டது. ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நாமே உருவாக்கி, வாளும் கேடயமும் கொடுத்து, பாழடைந்த ஒரு நகரத்தை மீட்க அனுப்ப வேண்டும். காக்கா விளையாடுவார். நான் பின்னால் நின்று பார்ப்பேன். அவர் டியூசனுக்குப் போனதும் கதிரை எனக்கு.

எனக்குச் சண்டையில் ஆசை இருக்கவில்லை. அந்த வாள்கள் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கத்தான் ஆசை. டொஸ்ஸோடு வரும் 'டிபக்' என்ற செயலியால் கோப்பைத் திறந்தால் முழுக்க எண்கள். ஒவ்வொரு வீரரின் பொருள்களுக்கும் தனிக் கோப்பு. ஒரு வாளுக்கு ஒரு வரிசை எண்கள். எது எதைக் குறிக்கிறது என்று சொல்ல வீட்டிலும் ஊரிலும் ஆளில்லை.

வழி காட்டியது நமது விஞ்ஞான ஆசிரியை. இலைக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டி மாப்பொருள் சோதனை செய்த நாளில் அவர் சொன்னது இதுதான்: "எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு எழுதுங்கள்." நான் கொப்பியும் பென்சிலும் எடுத்தேன். ஓர் எண்ணை மாற்றுவேன், விளையாட்டைத் திறந்து பார்ப்பேன், எழுதுவேன். பிறகு அடுத்த எண்.

ஒரு நாள் ஓர் எண்ணை மாற்றியதும் குத்துவாளின் பெயர் நீள்வாள் என்று மாறியது. துள்ளிக் குதித்தேன். ஆனால் திரையில் சேதக் கணக்கைப் பார்த்தால், அது இன்னும் 1 முதல் 4 வரைதான். நீள்வாளுக்கு 1 முதல் 8 வரை இருக்க வேண்டும். பெயருக்கு ஓர் எண், பொருளின் வகைக்கு வேறோர் எண். வெட்டும் வேகத்தைத் தீர்மானிப்பது வகை எண். நான் மாற்றியது பெயர்ப்பலகையை மட்டும்.

அடுத்து, வாளின் மந்திர வலிமையைக் காட்டும் எண்ணைக் கண்டுபிடித்தேன். ஒரு பைட்டில் அடங்கும் ஆகப் பெரிய எண் 255. அதையே போட்டேன். உலகத்தை வெல்லும் வாள் கிடைக்கும் என்று பார்த்தால், கிடைத்தது சாதாரண வாளைவிட மோசமான, கழித்தல் 1 உள்ள வாள். 127க்கு மேற்பட்ட எண்களை அந்த இடத்தில் எதிர் எண்களாக வாசிக்கிறது என்பதும், 255 என்றால் கழித்தல் 1 என்பதும் பிறகுதான் விளங்கியது.

மூன்றாவது பாடம் அழுது படித்தது. பிரதி எடுக்காமல் காக்காவின் கோப்பிலேயே கைவைத்தேன். எதையோ தவறாக மாற்றிவிட்டேன். அதன் பிறகு அந்தச் சேமிப்பைத் திறக்கும் போதெல்லாம் விளையாட்டு உறைந்து நின்றது. மாதக்கணக்கில் அவர் வளர்த்த குழு போய்விட்டது. காக்கா ஏசவில்லை. ஒரு கிழமை என்னோடு கதைக்கவும் இல்லை. அதன் பிறகு பிரதி எடுக்காமல் எதையும் நான் தொட்டதில்லை.

ஆனால் அந்தப் பிரதிகளும் என் கொப்பியும் கொம்பியூட்டர் இருந்த அதே மேசையில்தான் இருந்தன. வீடு கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26 எதையெதை எடுத்தது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்.

அப்போது நான் மருத்துவ பீட மாணவி. விடுமுறையில் வந்திருந்தேன். பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களிடம் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பது என் வேலை. கிளினிக் கொப்பிகள் கடலோடு போய்விட்டன. "வெள்ளைக் குளிசை மகள், காலையில் பாதி" என்பார் ஒரு மூத்தம்மா. நிறம் தெரியும், அளவு தெரியும், என்ன மருந்து என்று தெரியாது. அந்த நாட்களில்தான் என் பழைய கொப்பியின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது: பெயர் வேறு, பொருள் வேறு.

பல வருடங்களுக்குப் பின் ஒரு நோன்பு மாதத்தில், நினைவிழந்த ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். இரத்தத்தில் சீனி மிகக் குறைவு. மகள் கொண்டுவந்த பையில் இரண்டு பெட்டிகள், இரண்டு பெயர்கள். ஒன்று இங்கே எழுதிக் கொடுத்தது, மற்றது வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பியது. இரண்டிலும் சின்ன எழுத்தில் இருந்தது ஒரே மருந்து, கிளிபென்கிளமைட். உம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு நோன்பும் பிடித்திருக்கிறார். அந்த மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்கும். குளுக்கோஸ் ஏற்றிக் கண்விழித்த பிறகும் சீனி திரும்ப இறங்கும். இரண்டு இரவு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், நடந்து வீட்டுக்குப் போனார்.

இதை நமது நாட்டில் முன்பே உணர்ந்து செயற்பட்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்று வாதாடினார். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் முதலில் நினைத்தது ஏழைகளின் செலவைத்தான். அந்த இரவில் அது ஓர் உயிரின் விடயமாகவும் எனக்குத் தெரிந்தது.

தங்கைமாரே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உம்மாவின், மூத்தம்மாவின் மருந்துப் பெட்டிகளை எடுத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள். மருந்தின் சொந்தப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பெட்டியில் ஒரே பெயர் இருந்தால், நீங்களாக எதையும் நிறுத்தாமல் தாளோடு டொக்டரிடம் போங்கள். அந்தத் தாளுக்கு ஒரு பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

எங்கள் வீட்டுத் தாளின் பிரதி கட்டாரில் காக்காவிடம் இருக்கிறது. அதை அனுப்பியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "இந்த முறை பிரதிதானே அனுப்பியிருக்கிறாய்?"